பட்டமும் ஜெபமும்

அன்புள்ள ஐயா,

வியாசர்பாடியில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. என் மகள் நகரத்தில் உள்ள ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் பி.காம். முடித்தாள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். சென்ற வாரம் பட்டமளிப்பு விழா நடந்தது. மேடையில் பெரிய சிலுவை இருந்தது. பிள்ளைகள் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ஒரு பாதிரியார் கையை உயர்த்தி அவர்களுக்காக ஜெபம் செய்தார். என்னை அறியாமல் நானும் கண்ணை மூடிக் கும்பிட்டேன், அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவரின் அண்ணன் சத்தம் போட்டார். "நம் பிள்ளைக்கு அவர்கள் எதற்கு ஜெபம் செய்ய வேண்டும்? நீ எதற்குக் கும்பிட்டாய்?" என்கிறார். அங்கி வாடகை, போட்டோ, ஆட்டோ எல்லாம் வீண் செலவாம். சிலுவை தெரிகிற அந்தப் படத்தை வீட்டில் மாட்டக்கூடாதாம். நான் செய்தது தவறா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை)

அன்புள்ள அம்மா,

தவறே இல்லை. முதல் வரியிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். இரவு மாவு அரைக்கும்போது இதை நினைத்து நீங்கள் மறுகிக்கொண்டிருக்கக் கூடாது.

நம் ஊரில் மாலைத் தொழுகை முடிகிற நேரத்தில் பள்ளிவாசல் வாசலைப் பார்த்திருப்பீர்கள். காய்ச்சல் கண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்கள் நிற்பார்கள். நெற்றியில் குங்குமம் இருக்கும். தொழுதுவிட்டு வருகிறவர் குழந்தையின் முகத்தில் ஓதி ஊதிவிட்டுப் போவார். பெசன்ட் நகர் மாதா கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் வீட்டில் முருகன் படம் மாட்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்க முடியுமா? நல்ல வாக்கு யார் வாயிலிருந்து வந்தாலும் பிள்ளையின் தலைமேல் விழட்டும் என்று நினைக்கிற மண் இது. நீங்கள் கும்பிட்டது அந்தப் பழக்கத்தில்தான்.

உங்கள் கணவரின் அண்ணனுடைய பயத்தையும் நான் ஒதுக்கிவிட மாட்டேன். மதம் மாற்றும் எண்ணத்தோடு பள்ளிக்கூடம் திறந்த பாதிரிமார்கள் இருந்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கல்விக்கூடங்களில் படித்தவர்கள் என்ன ஆனார்கள் என்றும் பார்க்க வேண்டும் அல்லவா?

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இரண்டே பேர். சி.வை. தாமோதரம் பிள்ளை, கறோல் விசுவநாத பிள்ளை. இருவருமே யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்கப் பாதிரிமார்கள் 1823-இல் தொடங்கிய செமினரி என்ற கல்விக்கூடத்தில் படித்தவர்கள். தாமோதரம் பிள்ளை கிறிஸ்தவராக வளர்ந்து பின்னாளில் சைவத்துக்குத் திரும்பினார். செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடித் தேடி எடுத்து, தொல்காப்பியத்தின் உரைகளையும் கலித்தொகையையும் அச்சில் ஏற்றினார். 1887-இல் அவர் கலித்தொகையைப் பதிப்பித்திராவிட்டால் நம் கைக்கு அது எப்போது வந்திருக்குமோ! நம்முடைய முதல் பட்டதாரியின் கதையே இப்படித்தான் இருக்கிறது.

இன்னொருவர் திருத்தணியில் பிறந்த பையன். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தத்துவம் படித்தார். கல்லூரி அப்போது தாம்பரத்துக்குப் போகவில்லை, ஜார்ஜ் டவுனில் இருந்தது. இந்து மதத்தைப் பற்றி அங்கே கேட்ட கடுமையான விமர்சனங்கள் அவரை உறுத்தின. பதில் தேடிப் படித்தார். 1908-இல் எம்.ஏ. பட்டத்துக்கு வேதாந்தத்தின் அறநெறியைப் பற்றி ஆய்வுரை எழுதினார். அதைப் படித்துப் பாராட்டியவர் அவருடைய ஆசிரியர் ஹாக், ஸ்காட்லாந்துக்காரரான மிஷனரி. தன் மாணவன் தனக்கு எதிர்த்திசையில் நடந்து போவதைப் பார்த்து மகிழ்ந்த அந்த ஆசிரியரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அந்த மாணவர்தான் பிறகு குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன்.

பெண்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். மகளிர் கிறித்தவக் கல்லூரி 1915-இல் சென்னையில் தொடங்கியபோது மாணவிகள் 41 பேர். வயது வந்த பெண்ணை வீட்டைவிட்டுப் படிக்க அனுப்பினால் ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். அந்த 41 பேரின் தாய்மார்களும் உங்களைப் போலத்தான் பேச்சு வாங்கியிருப்பார்கள். இன்றைக்குக் கல்லூரிச் சாலையில் காலை எட்டரை மணிக்கு நடக்கிற பெண்களைப் பாருங்கள். அதில் ஒருத்தியாகத்தான் உங்கள் மகளும் மூன்று வருடம் பஸ் பிடித்துப் போய் வந்திருக்கிறாள்.

செலவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நானும் இந்த நகரத்தில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவன். அப்பா கொத்தவால்சாவடியில் மூட்டை சுமந்தவர். என் பட்டமளிப்பு விழாவுக்கு ஒரு மாணவனுக்கு இரண்டு அனுமதிச் சீட்டுதான் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவையும் பாட்டியையும் உள்ளே அனுப்பிவிட்டு, அப்பா வாயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மூன்று மணி நேரம் நின்றார். அவர் பார்க்காமல் நான் மேடை ஏறினேன் என்ற வருத்தம் இன்றும் ஆறவில்லை. பெற்றவர்களை வெளியே நிறுத்திவிட்டு யாருக்காக விழா எடுக்கிறார்கள்? இப்போதும் சில இடங்களில் இப்படி நடக்கிறது. கல்லூரிகளை நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், விருந்தினர் மாலைகளைக் குறைத்துக்கொண்டு நாற்காலிகளைக் கூட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விழா முடிந்து நான் வெளியே வந்ததும் அப்பா சான்றிதழைக் கேட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதில் நான் எங்கே இருக்கிறேன்?" என்றார். என் பெயருக்கு முன்னால் இருந்த ஓர் எழுத்தைக் காட்டினேன். அவருடைய சுண்டுவிரல் நகம் மூட்டைக் கொக்கி பட்டுப் பிளந்திருக்கும். அந்த விரலால் காகிதத்தைத் தொடாமல், எழுத்துக்கு நேர் மேலே வைத்து, "இதுவா?" என்றார். "இதுதான்" என்றேன். வீடு வரை சான்றிதழை அவர்தான் எடுத்து வந்தார். ஆகவே அங்கி வாடகையையும் ஆட்டோவையும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்பது வருடம் விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டியவருக்கு ஒரு நாள் விழா கூடாதா?

உங்கள் மகளின் பெயருக்கு முன்னாலும் ஓர் எழுத்து இருக்கும். அது உங்கள் கணவருடையது. அவள் மேடை ஏறியபோது ஒலிபெருக்கியில் முதலில் ஒலித்தது அந்த எழுத்துதான். அவருடைய அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். தன் தம்பியின் பெயரை அத்தனை பேர் முன்னிலையில் வாசித்தார்கள் என்பது அவருக்குத் தோன்றாமல் போயிருக்கலாம்.

படத்தை உங்கள் கணவரின் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். ஆணி அடிக்க அவருடைய அண்ணனையே கூப்பிடுங்கள்.