பதினைந்து அடித் தடிக்குப் படகில் எந்த இடம்?

மட்டக்குளியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “என்னிடம் 23 அடி ஃபைபர் படகு இருக்கிறது. நடுவில் ஸ்டியரிங் மேசை, அதற்கு மேல் ஒரு அங்குலக் குழாயில் கட்டிய கன்வஸ் கூரை. ஓய்வு நாட்களில் சூரைக்கும் அறக்குளாவுக்கும் தூண்டில் இழுக்கப் போகிறோம். தூண்டில் நூல்களைப் படகிலிருந்து விலக்கிப் பிடிக்க இருபக்கமும் விரிக்கும் 15 அடி அவுட்ரிகர் தடிகள் ஒரு சோடி வாங்கிவிட்டேன். கூரைக் குழாயில் பூட்டு என்கிறார் நண்பர். பின்பக்க மூலைகளில் பூட்டினால் கைக்கு எட்டும் என்கிறார் ஃபைபர் வேலை செய்யும் பாஸ். யார் சொல்வது சரி?”

இருவர் சொல்வதும் உங்கள் படகுக்கு ஒத்துவராது. பக்க விளிம்பில், ஸ்டியரிங் மேசைக்கு நேராகவோ ஒரு முழம் முன்னாலோ, பின்பலகையிலிருந்து 11 அல்லது 12 அடி தள்ளிப் பூட்டுங்கள்.

முதலில் கூரை. அது வெயிலுக்குக் கட்டியது, இழுவைக்கு அல்ல. தடியின் நுனியில் வெறும் 5 கிலோ இழுவை என்று வையுங்கள். 15 அடி என்றால் 180 அங்குலம். தடியைப் படகோடு பூட்டும் அடித்தட்டின் போல்ட்டுகளுக்கு இடையே 6 அங்குலம் இருந்தால் விசை முப்பது மடங்கு. அந்த 5 கிலோ அங்கே 150 கிலோவாகி போல்ட்டைப் பிடுங்கப் பார்க்கும். படகு அலையில் குதிக்கும்போது விழும் உதறலை நான் இதில் சேர்க்கவே இல்லை. தடித்த அலுமினியக் குழாயில் வெல்டிங் செய்து, தளத்தோடு போல்ட் போட்ட கூரையென்றால் பேச்சு வேறு. பெரிய படகுகளில் கூரைமேல் பூட்டுவது நல்ல முறைதான். உங்களுடையது ஒரு அங்குலக் குழாய். அதை மறந்துவிடுங்கள்.

பாஸ் சொன்ன மூலையில் வேறு சிக்கல். மீன் கடைசியில் வந்து சேர்வது பின்பக்க மூலைகளுக்குத்தான். கொக்கித் தடியை நீட்டுகிற அந்த நேரத்தில் முழங்கை அவுட்ரிகரின் அடியில் இடிக்கும். நூலும் அதில் சுற்றும். மடக்கிப் பின்னோக்கிச் சாய்த்தாலும் நிம்மதி இல்லை: அடித்தட்டு பின்பலகையிலிருந்து 3 அடியில் இருந்தால், எஞ்சினைத் தாண்டி 12 அடித் தடி வெளியே நீளும். முகத்துவாரம் துறைமுகத்தில் படகுகள் விலாவோடு விலா ஒட்டி நிற்கும் நெரிசலில் அந்த நுனி எத்தனை நாள் பிழைக்கும்? 12 அடியில் பூட்டினால் வெளியே நிற்பது 3 அடி மட்டும்.

அப்படியானால் அணியத்துக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோனால் என்ன என்று கேட்பீர்கள். படகின் முன்பகுதிதான் அதிகம் எழுந்து விழுவது. தடியும் கூடவே சாட்டையடிக்கும். தடியில் நூலைப் பிடித்திருக்கும் கிளிப்பைச் சரிசெய்ய ஒவ்வொரு முறையும் ஒருவர் முன்னால் போய் விளிம்பைப் பிடித்துத் தொங்க வேண்டியிருக்கும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. மீன் அடித்ததும் கிளிப் நூலை விட்டுவிடும். தடியின் நுனிவரை போய் வந்த நூல் அத்தனையும் தளர்ந்து தண்ணீரில் விழும். அடித்தட்டு முன்னால் போகப் போக இந்தத் தளர்வு கூடும். உண்மையான மீனை இரையாகக் கட்டியிருந்தால் அது நல்லது, விழுங்க நேரம் கிடைக்கும். பொய் இரையென்றால் நூல் இறுகுவதற்குள் மீன் துப்பிவிட்டுப் போய்விடும். நீங்கள் பொய் இரை இழுப்பவரானால் கிளிப்பை நுனிவரை ஓட்டாமல் தடியின் முக்கால் பங்கில் நிறுத்திப் பாருங்கள்.

துளை போடுவதற்கு முன் ஒரு வேலை. 15 அடி மூங்கில் ஒன்றை வாங்கி, நான் சொன்ன இடத்தில் விளிம்போடு கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். வெளியே விரித்து, சற்றுப் பின்னோக்கி, 30 பாகை மேலே தூக்கினால் நுனி உங்கள் விளிம்புக்கு ஏழரை அடி மேலே நிற்கும். படகு பக்கவாட்டில் உருளும்போது தண்ணீரைத் தொடாமலிருக்க அந்த உயரம் வேண்டும். தூண்டில் கோல்களை அவற்றின் இடங்களில் செருகி, நூலை மூங்கில் நுனிவரை கொண்டுபோய்ப் பாருங்கள். கூரைக் குழாயில் உரசுகிறதா? ஸ்டியரிங் பிடிப்பவரின் தலைக்குக் குறுக்கே போகிறதா? உரசினால் அரை அடி முன்னே பின்னே நகர்த்துங்கள். பிறகு ஒருவர் நுனியைக் கீழே இழுக்க, நீங்கள் விளிம்பின் அடியில் உள்ளங்கையை வையுங்கள். ஃபைபர் அப்பளம்போல நெளிவது கைக்குத் தெரிந்தால், அங்கே உள்ளே போல்ட்டுகளைத் தாங்கும் தடித்த தகடு, அதாவது தாங்குதட்டு, இல்லாமல் பூட்டக் கூடாது. எரிபொருள் குழாயும் வயரும் அடியில் ஓடுகின்றனவா என்பதையும் அந்தக் கையே தடவிப் பார்த்துவிடட்டும்.

தாங்குதட்டுக்கு 6 மில்லிமீற்றர் அலுமினியம் போதும். அடித்தட்டைவிட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் பெரிதாக வெட்டுங்கள். அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால் அலுமினியம் அரிக்கும், நடுவே நைலோன் வாஷர் போடுங்கள். பழைய சோனகத் தெருவில் போல்ட் வாங்கும்போது காந்தத்தை வைத்துக் காட்டி “பாருங்கள், ஒட்டவில்லை” என்பார்கள். 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும்தான் அநேகமாக ஒட்டாது. கடலுக்கு வேண்டியது 316. எண்ணைக் கேட்டு வாங்குங்கள். விளிம்பின் உள்ளே மரம் இருந்தால் துளையைப் பெரிதாகப் போட்டு, எபொக்சியால் நிரப்பி, காய்ந்தபின் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். இல்லாவிட்டால் மரம் உள்ளுக்குள் உக்கிவிடும். மேலே சிலிக்கன் பூசாமல் பொலியூரித்தேன் பசை பூசுங்கள்.

இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டும். விளிம்பை அளந்து நம்பாதீர்கள். பின்பலகையின் நடுப்புள்ளியிலிருந்து இரு அடித்தட்டுகளுக்கும் நாடா பிடித்து அளவுகளை ஒப்பிடுங்கள். விளிம்பு வெளிப்பக்கம் சரிந்திருந்தால் ஆப்பு வைத்து மட்டப்படுத்திய பிறகே பூட்டுங்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கொழும்புக் கடல் புதிய பூட்டைச் சோதிக்கும் இடமல்ல. நவம்பருக்குப் பின் அமைதியான ஒரு காலையில் போங்கள். களனி ஆற்று முகத்தைக் கடக்கும்வரை தடிகள் மடங்கிக் கட்டியிருக்கட்டும். திரும்பி வந்ததும் எல்லா நட்டுகளையும் ஒருமுறை முறுக்கி, அடித்தட்டைச் சுற்றி மயிரிழை வெடிப்பு ஏதும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் தாங்குதட்டு போதவில்லை, பெரிதாக மாற்றுங்கள்.