மடியில வந்த பஞ்சுக்கு என்ன பேரு?

கேள்வி: எங்கப்பா காசிமேட்டுல இருந்து லாஞ்சுல தொழிலுக்குப் போறவரு. போன வாரம் மடியில, அதான் இழுவை வலைல, கழிசல் மீனோட ஆரஞ்சு கலர்ல பிசுபிசுன்னு ஒரு உருண்டை வந்துச்சு, பஞ்சுன்னு சொல்லி தூக்கிப் போடப் போனாரு, நான்தான் வாங்கி ஃப்ரீசர்ல வச்சிருக்கேன் (அம்மா திட்டுறாங்க). ஆப்ல போட்டோ போட்டா ஒரு தடவை பவளம்னுது, இன்னொரு தடவை காளான்னுது. காலேஜ்ல எக்ஸ்பர்ட் சிஸ்டம்னு ஒரு பாடம் இருக்கு, அதை வச்சு இதுக்குப் பேர் கண்டுபுடிக்கலாமா சார்?
– கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர், காசிமேடு

பதில்: கண்டுபுடிக்கலாம் தம்பி, செஞ்சும் காட்டியிருக்காங்க. 1990கள்ல ஸ்பெயின்ல பிளானெஸ்னு ஒரு கடலோர ஊர்ல ‘ஸ்பாஞ்சியா’ன்னு ஒரு எக்ஸ்பர்ட் சிஸ்டம், அதாவது நிபுணர் மாதிரி கேள்வி கேட்டு பதில் சொல்ற புரோகிராம் கட்டுனாங்க, கடல் பஞ்சுங்களை (ஸ்பாஞ்சுன்னு சொல்ற கடல் பிராணி) அடையாளம் சொல்றதுக்குன்னே. அதுக்கு முன்ன ஆப்பை மன்னிச்சுடுங்க, பாவம் அது. ஒரே இனப் பஞ்சு அலை அடிக்கிற பாறைல தட்டையா ஒட்டிக்கும், அமைதியான தண்ணில விரல் விரலா வளரும், வெறும் போட்டோவைப் பாத்தா நிபுணருக்கே தலை சுத்தும். கெடாம இருக்கட்டும்னு ஆல்கஹால்ல போட்டா உங்க ஆரஞ்சும் வெளுத்துடும், அதனால கலரு, வாசனை, எத்தனை பாகம் (கடல் ஆழத்தை அளக்குற கணக்கு) ஆழத்துல மடி விட்டாங்க, எல்லாத்தையும் அப்பாகிட்ட கேட்டு இன்னைக்கே எழுதி வைங்க.

விஷயம் உள்ள இருக்கு. பெரும்பாலான பஞ்சுங்க உடம்புல கண்ணாடி மாதிரி சிலிக்கா முள்ளு இருக்கும், சிலதுல சுண்ணாம்பு முள்ளு. நகக்கண்ணு அளவு வெட்டி லிக்விட் பிளீச்ல போடுங்க, சதை கரைஞ்சு முள்ளு அடில தங்கும். மெதுவா மேல் தண்ணிய இறுத்துட்டு நல்ல தண்ணில மூணு நாலு தடவை அலசி, ஒரு சொட்டை ஸ்லைடுல விட்டு காலேஜ் மைக்ராஸ்கோப்ல பாருங்க. வீட்ல கிடக்குற பிளீச்சிங் பவுடரைக் கலக்கிடாதீங்க, அதுல இருக்குற சுண்ணாம்பே அடில தங்கி குழப்பிடும். பிளீச்சோட எந்த ஆசிடும் சேரக்கூடாது, விஷ வாயு வரும், இது விளையாட்டு இல்ல.

லென்ஸ்ல என்ன தெரியும்? ரெண்டு பக்கமும் கூரான ஊசி, ஒரு பக்கம் மட்டும் கூரு, குண்டூசி மாதிரி தலை வச்சது, இதெல்லாம் பெரிய முள்ளு. அதுக்கு நடுவுல பொடிப்பொடியா நட்சத்திரம், வளைஞ்ச கொக்கி, அப்புறம் அசல் நங்கூரம் மாதிரியே ஒண்ணு, அது கிடைச்சா அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுங்க.

இப்ப உங்க சப்ஜெக்டுக்கு வரேன். பேர் கண்டுபுடிக்க புக்ல இருக்குற சாவிப் பட்டியல் பழைய வண்ணாரப்பேட்டை சந்து மாதிரி, ‘ஆமா’ன்னா இடது ‘இல்ல’ன்னா வலதுன்னு போகும், ஒரு திருப்பம் தப்புனா வேற தெருவுல போய் நிப்பீங்க, தப்புனதே தெரியாது. எக்ஸ்பர்ட் சிஸ்டம் அப்படி இல்ல. நிபுணரோட அறிவு தனியா ரூல்ஸா இருக்கும், அதை வச்சு யோசிக்கிற இஞ்சின் தனி. ‘தெரியல’ன்னு நீங்க சொன்னா சரி வுடுன்னு வேற கேள்வி கேக்கும். ஸ்பாஞ்சியாவை எழுதுன மிலார்டு 2ங்கிற கம்ப்யூட்டர் மொழில உறுதியையும் நம்பரா இல்லாம வார்த்தையாவே வச்சுக்கலாம், ‘இருக்கலாம்’, ‘ரொம்ப இருக்கலாம்’ங்கிற மாதிரி, நம்ம வீட்ல பேசுற மாதிரியே.

எனக்குத் தெரிஞ்சு இதுல பசங்க சறுக்குற இடம் ஒண்ணுதான். பொடி முள்ளு ‘இல்ல’ங்கிறதும் ‘நான் பாக்கல’ங்கிறதும் வேற வேற. அவசரமா அலசுனா பொடி முள்ளெல்லாம் சாக்கடைக்குப் போயிருக்கும், நீங்க ‘இல்ல’ன்னு டைப் பண்ணுவீங்க, மெஷின் நம்பிடும். அதே மாதிரி ஒரே ஒரு நட்சத்திரம் கிடைச்சா குதிக்காதீங்க, மடில பக்கத்துல உருண்ட இன்னொரு பஞ்சோடதா இருக்கும், நிறைய தெரிஞ்சாதான் கணக்கு. பிளீச்ல எதுவுமே மிஞ்சலைன்னா அதுவும் ஒரு பதில்தான், குளிக்கிறப்ப தேய்க்கிற பஞ்சு வகையில முள்ளே கிடையாது, வெறும் நார்தான்.

இன்னொண்ணு, ஸ்பாஞ்சியாவுக்குத் தெரிஞ்சது அட்லாண்டிக், மத்தியத்தரைக் கடல் பஞ்சுங்க. நம்ம வங்கக்கடல் உருண்டையக் கொடுத்தா அந்த ஊர்ப் பேர்லதான் தேடும். அதனால புராஜெக்டா செய்யறதுன்னா நம்ம கடலுக்கு நீங்களே பத்து பஞ்சுக்கு ரூல் எழுதுங்க, போதும். முதல் ரூலுக்கு அடுத்த கேள்வியப் பாருங்க.

கேள்வி: திருவொற்றியூர் பீச்ல என் பொண்ணு பொறுக்கிட்டு வர்ற சிப்பி ஓட்டுல சல்லடை மாதிரி வட்ட வட்டமா ஓட்டை இருக்கு. பூச்சி அரிச்சதா?
– இல்லத்தரசி, திருவொற்றியூர்

பதில்: சல்லடை மாதிரி இருந்தா பெரும்பாலும் பஞ்சு வேலைம்மா. கிளியோனான்னு ஒரு வகை, சிப்பி ஓட்டை அரிச்சு உள்ளேயே குடும்பம் நடத்தும். ஒரே ஒரு சுத்தமான ஓட்டைன்னா அது வேற ஆளு, சிப்பியத் துளைச்சுத் தின்னுற நத்தை. தம்பி, ரூலை இப்படி எழுதிக்கோங்க: சிப்பி ஓட்டைத் துளைச்சு வாழுது, முள்ளு குண்டூசித் தலையோட இருக்கு, அப்ப கிளியோனா ‘ரொம்ப இருக்கலாம்’, பொடி முள்ளு சுருள் சுருளாவும் இருந்தா இன்னும் உறுதி, சுருள் தெரியலைன்னா கிளியோனா இல்லைன்னு ஆகாது, ஏன்னா அது இல்லாத கிளியோனாவும் உண்டு.

கேள்வி: நம்ம மெட்ராஸ் கடல் பஞ்சைப் பத்தி யாராவது எழுதியிருக்காங்களா, இல்ல எல்லாம் ராமேஸ்வரம் கிட்ட மண்டபம் பக்கம்தானா?
– ராயபுரம் வாசகர்

பதில்: மன்னார் வளைகுடா பத்திதான் நிறைய. ஆனா 1887லயே எழும்பூர் மியூசியத்தைப் பாத்துக்கிட்ட எட்கர் தர்ஸ்டன் மெட்ராஸ் பக்கத்துல சேத்த பஞ்சுங்களை ஆர்தர் டென்டி ஆராய்ஞ்சு, மெட்ராஸ் பஞ்சுங்கன்னே தலைப்பு வச்சு ஒரு கட்டுரை போட்டிருக்காரு. காசிமேட்டுத் தம்பி முதல்ல அதைத் தேடிப் படிக்கட்டும், ரூல் எழுத ஆரம்பிக்க நம்ம ஊர் சரக்கு அதுல இருக்கு. ஃப்ரீசர்ல இருக்குறத மட்டும் மீனுக்குப் பக்கத்துல வைக்காம டப்பால போட்டு மூடி வைக்கச் சொல்லுங்க.