வி.ஆர். கருவியால் பதற்றமும் மனச்சோர்வும் குறையுமா?

கண்ணில் மாட்டிக்கொண்டால் வேறொரு இடத்திலேயே இருப்பதுபோலக் காட்டும் வி.ஆர். எனும் மெய்நிகர் கருவி மனநலச் சிகிச்சைக்கு உண்மையிலேயே உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவும். பதற்றத்துக்குச் சான்று வலுவாக இருக்கிறது. மனச்சோர்வுக்கு அந்த அளவு இன்னும் சேரவில்லை.

பயத்தைக் கண்டு ஒதுங்க ஒதுங்க அது வளரும். அதனால் பயப்படும் விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ள வைப்பார்கள். உயரம் என்றாலே நடுங்குபவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் நிற்பது சிகிச்சையாளரின் அறையில், சமதரையில். கருவி வழியே கண்ணில் தெரிவதோ பத்தாவது மாடி பால்கனி. படம்தான் என்று தெரிந்தும் உள்ளங்கை வியர்க்கும், கால் பின்வாங்கும். அந்த நடுக்கம் வந்தால்தான் சிகிச்சையே நடக்கும். ஒன்றும் ஆகவில்லை என்பதை உடம்பு கற்றுக்கொள்ளும்வரை அங்கேயே நிற்க வேண்டும். அப்புறம் இன்னொரு மாடி மேலே. தாங்கவில்லையா, சரி, ஒரு நொடியில் கீழே இறக்கிவிடலாம். அமெரிக்காவில் உளவியலாளர் பார்பரா ராத்பாமின் குழு 1995-லேயே இதைச் சோதித்துக் காட்டியது.

மனச்சோர்வுக்கு, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட சோதனை என் மனதைத் தொட்டது. கருவியில் தெரியும் அழும் குழந்தைக்கு ஆறுதல் சொல்ல வேண்டும். பிறகு அந்தக் குழந்தையின் இடத்திலிருந்து, தான் சொன்னதைத் தன் குரலிலேயே கேட்க வேண்டும். எந்நேரமும் தன்னையே திட்டிக்கொள்பவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! 15 பேரில் 9 பேருக்கு ஒரு மாதம் கழித்து அறிகுறிகள் குறைந்திருந்தன. சின்னச் சோதனைதான், ஒப்பீட்டுக் குழுவும் இல்லை.

சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரும். வலிப்பு நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதை நம்பி மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.