துறவற சபைகள் நீதிக்கும் சுற்றுச்சூழலுக்கும் ஏன் கைகோர்க்கின்றன?

தனித்தனி நிறுவனர், தனித்தனி ஒழுங்கு என்று இருக்கும் கத்தோலிக்கத் துறவற சபைகள் ஏன் சேர வேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதான். ஒரு சுரங்கம் ஆற்றைக் கெடுக்கும்போது அதை முதலில் பார்ப்பது பெரும்பாலும் அந்த ஊரிலேயே வாழும் ஒரு கன்னியாஸ்திரிதான், ஆனால் அனுமதி கொடுத்த அரசிடமும் வேறு நாட்டில் இருக்கும் கம்பெனியிடமும் அவர் குரல் மட்டும் எடுபடாது. அதனால்தான் 2000-இல் இறைவார்த்தை சபையும் தூய ஆவியின் மறைப்பணி சகோதரிகளும் என்ற இரண்டு சபைகள் சேர்ந்து விவாட் இன்டர்நேஷனல் என்ற கூட்டமைப்பைத் தொடங்கின, அப்புறம் வேறு சபைகளும் இணைந்தன. அதன் நியூயார்க், ஜெனீவா அலுவலகங்கள் வழியாகக் களத்துத் தகவல் ஐ.நா. வரை போகிறது. பிரான்சிஸ்கன் சபைகளுக்கும் இப்படி ஓர் அமைப்பு உண்டு. ஒரு நாட்டின் மனித உரிமை நிலையை ஐ.நா. பரிசீலிக்கும்போது இவர்கள் தரும் அறிக்கையும் மேசைக்கு வரும்.

சுற்றுச்சூழலையும் நீதியையும் பிரிக்க முடியாது என்பதற்கு பிரேசில் ஒன்றே போதும். அமேசான் காட்டுக்காகவும் அங்கிருந்த ஏழை விவசாயிகளின் நிலத்துக்காகவும் நின்ற சகோதரி டோரதி ஸ்டாங்கை, 73 வயதில், 2005 பிப்ரவரியில் சுட்டுக் கொன்றார்கள். மரமும் நிலமும் அவருக்கு ஒரே போராட்டம்தான். ஆள்கடத்தலுக்கு எதிரான தலித்தா கும் வலையமைப்பும் 2009-இல் இதே போலப் பல சபைச் சகோதரிகள் சேர்ந்து உருவானதுதான்.