உள்ளூர் பார்லியால் சிங்கிள் மால்ட் விஸ்கியின் சுவை மாறுமா?

மாறும், ஆனால் அதைப் பீப்பாயில் பல வருடம் ஊறிய விஸ்கியில் தேடினால் ஓக் மரத்தின் வாசனைதான் முந்திக்கொண்டு வரும், அதனால் புதிதாக வடித்த சாராயத்தில் தேட வேண்டும். அயர்லாந்தில் அப்படித்தான் செய்தார்கள். ஒலிம்பஸ், லாரியேட் என்ற இரண்டு பார்லி ரகங்களை அத்தாய் (Athy), பன்க்லோடி (Bunclody) என்ற இரண்டு ஊர்களில் 2017, 2018 ஆகிய இரண்டு வருடமும் விளைவித்து, ஒரே முறையில் மால்ட் செய்து (அதாவது முளைக்கவைத்து உலர்த்தி) வடித்து முகர்ந்து பார்த்தால், வாசனை ஊருக்கு ஊர் மாறியது. ரகத்தைவிட மண்ணும் அந்த வருட வானிலையும்தான் அதிகம் பேசின, எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

அப்புறம் ஒன்று, ஸ்காட்ச் என்று லேபிளில் போட பார்லி ஸ்காட்லாந்திலேயே விளைந்திருக்க வேண்டும் என்று சட்டம் கிடையாது. ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் இருக்கும் ப்ரூக்லாடி என்ற விஸ்கி ஆலை மாதிரி, தீவிலேயே விளைந்த பார்லி என்று தெளிவாகச் சொல்லும் பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள்.