தையல் மிஷினுக்கு முன்னால் பஸ் காசு

கேள்வி: பள்ளியில் ஒன்றாகப் படித்த நாங்கள் சிலர் மாதாமாதம் பணம் போட்டு ஒரு நிதி சேர்த்திருக்கிறோம். பெற்றோரை இழந்த குழந்தைகளின் படிப்புக்கும், கணவரை இழந்த ஏழைப் பெண்களின் தொழிற்பயிற்சிக்கும் செலவிட ஆசை. குழந்தைகள் இல்லம் ஒன்றுக்கு மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்கிறார் ஒருவர். விழா எடுத்துத் தையல் மிஷின் வழங்கலாம் என்கிறார் இன்னொருவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: குழந்தைகளுக்கு ஒரு பட்டியல், பெண்களுக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியாகப் போட்டுவிடாதீர்கள். பல நேரம் இரண்டும் ஒரே வீட்டில்தான் போய் நிற்கும். தாய் தந்தையரில் ஒருவர் இறந்திருந்தாலே யுனிசெஃப் அந்தக் குழந்தையை அநாதைக் கணக்கில் சேர்க்கிறது. 2015-இல் அப்படி உலகம் முழுவதும் சுமார் 14 கோடிக் குழந்தைகள். இருவரையும் இழந்தவர்கள் அதில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடிதான். மற்றவர்களுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்.

அதனால் இல்லத்துக்கு மொத்தமாகக் கொடுக்கும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. சோறு போட வழியில்லாமல் பிள்ளையை இல்லத்தில் விடுகிற தாய்மார்கள் உண்டு. வறுமை ஒன்றையே காரணம் காட்டிக் குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009-இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. யாருமே இல்லாத குழந்தையின் கதை வேறு. அம்மா இருக்கும் இடத்தில் பணம் அந்த வீட்டுக்குப் போகட்டும்.

சரி, பயிற்சிக்கு வருவோம். கட்டணம் கட்டிச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று பல குழுக்கள் நினைக்கின்றன. இரண்டாவது வாரம் அந்தப் பெண்ணைக் காணோம். "ஆர்வமில்லை" என்று பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டால்தான் விஷயம் தெரியும். வகுப்புக்குப் போன நாளெல்லாம் கூலி போயிற்று. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த மகள் பள்ளிக்கு மட்டம் போட்டாள். அந்த மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியதும் நீங்களாகவே இருக்கலாம்!

ஆகவே நிதியில் பெரிய பங்கை அந்தப் பெண் சம்பாதிக்க முடியாத நாட்களுக்கு ஒதுக்குங்கள். பயிற்சி முடியும்வரை மாத உதவித்தொகை, பஸ் காசு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். இது என் கற்பனை இல்லை. வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2002-இல் பரம ஏழைகளுக்காகத் தொடங்கிய திட்டம் இப்படித்தான். வருமானம் தரும் ஒரு சொத்து, அதற்கான பயிற்சி, கொஞ்ச காலத்துக்குக் கைச்செலவுக்குப் பணம், சேமிப்புப் பழக்கம், வீடு தேடி வந்து விசாரிக்கும் ஓர் ஆள் என எல்லாம் சேர்ந்தே போகும். எத்தியோப்பியா, பெரு உட்பட ஆறு நாடுகளில் இதே மாதிரித் திட்டத்தைச் சோதித்து 2015-இல் ஆய்வு வெளியிட்டார்கள். உதவி நின்று ஓராண்டுக்குப் பிறகும் முன்னேற்றம் நிலைத்திருந்தது.

எந்தத் தொழில்? அதை அந்தப் பெண்ணிடமே கேளுங்கள். ஏன் எல்லோருக்கும் தையல் என்றுதான் எனக்குப் புரியவில்லை. ஒரே தெருவில் பத்துப் பேருக்கு மிஷின் கொடுத்தால் தைக்கக் கொடுப்பது யார்? பணம் கட்டுவதற்கு முன் சுற்றுவட்டாரத்தில் யாருக்கு என்ன வேலை தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்று விசாரியுங்கள். பயிற்சி நிலையத்தில் போன முறை படித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேட்டு, அவர்களில் இரண்டு பேரிடமாவது நேரில் பேசுங்கள். சான்றிதழ் மாட்டிய சுவரைக் காட்டி மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் எண்ணிக்கை ஆசை வேண்டாம். பத்துப் பேருக்கு ஓராண்டு கட்டுவதைவிட, இரண்டு பேரைப் படிப்பு முடியும்வரை கொண்டுபோங்கள். உங்களில் ஓரிருவர் நடுவில் விலகுவார்கள், அது இயல்பு. அப்புறம் அந்தப் பிள்ளையின் படிப்பு பாதியில் நிற்கக் கூடாது. ஓராண்டுச் செலவைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பள்ளிக் கட்டணத்தோடு சீருடை, நோட்டு, தேர்வுக் கட்டணம் எல்லாவற்றையும் கணக்கில் சேருங்கள். சின்னச் செலவுதான், ஆனால் பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்துவது பெரும்பாலும் அதுதான்.

விழா வேண்டாம். வகுப்புத் தோழர்கள் பார்க்க மேடையேறி இலவசம் வாங்குவது எந்தப் பிள்ளைக்கும் பிடிக்காது. மண்டப வாடகையைப் பஸ் காசில் சேர்த்துவிடச் சொல்லுங்கள் உங்கள் நண்பரிடம்.