கிரைண்டர் ஏன் கத்துகிறது?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர் ஓடும்போது கீச்சென்று கத்துகிறது. சுவிட்சை அணைத்த பிறகும் டிஸ்க் நிற்கும்வரை சத்தம் வருகிறது. மோட்டார் போய்விட்டதா?

பதில்: கவலை வேண்டாம். கரண்ட் நின்ற பிறகும் சத்தம் வருவதால் மோட்டார் காயிலைச் (உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருள்) சந்தேகிக்க வேண்டியதில்லை. சுழலும் பாகங்களில்தான் கோளாறு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிஸ்க், அதைத் தாங்கும் ஃபிளாஞ்ச் வளையம், நட்டு மூன்றையும் கழற்றுங்கள். பிறகு சில விநாடிகள் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் கோளாறு டிஸ்க் பக்கம்.

நிற்காவிட்டால், மறுபடி பிளக்கைப் பிடுங்கி ஸ்பிண்டிலை (டிஸ்க் மாட்டும் தண்டு) கையால் மெதுவாகச் சுற்றுங்கள். நறநறவென்று விரலுக்குத் தெரிந்தால் பேரிங். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'டக்'கென்று தட்டினால் கியர் பல்.

கீச்சொலி என்றால் பெரும்பாலும் ஆர்மேச்சரின் (மோட்டாருக்குள் சுழலும் பாகம்) பின்பக்கச் சின்ன பேரிங்தான். கார்பன் தூள் புகுந்து கிரீஸ் காய்ந்திருக்கும். தயவுசெய்து எண்ணெய் விடாதீர்கள். கம்யூட்டேட்டரில் (ஆர்மேச்சரில் கார்பன் பிரஷ் உரசும் செம்பு உருளை) படிந்து பொறி பறக்கும். ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ்களை முதலில் எடுத்துவிட்டு ஆர்மேச்சரை உருவுங்கள். பேரிங்கை புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டுக் கழற்றி, அதன் விளிம்பில் உள்ள அதே எண்ணில், இருபுறமும் ரப்பர் சீல் உள்ளதாக வாங்குங்கள். மாட்டும்போது உள்வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். வெளிவளையத்தில் தட்டினால் குண்டுகள் தடத்தில் பள்ளம் பதித்து, புது பேரிங்கும் கத்தும். பிரஷ் 5 மில்லிமீட்டருக்குக் கீழ் தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.